ஒரு நிமிஷம் பேச ஒரு மைக்!

''லாஸ் ஏஞ்சலஸ் போயிட்டு ஹாலிவுட்டை ஒழுங்கா சுத்திப் பார்க்காம வந்திருக்கே. லூஸாடா நீ?''

ஊர் திரும்பினதுல இருந்து எல்லோரும் இதையேதான் கேக்கறாங்க. ஹாலிவுட் எழுத்துக்களைப் பார்த்தேங்க... ரொம்ப தூரத்துல, எறும்பு சைஸ்ல! நான் ரொம்ப நேரம் உட்கார்ந்தது வேற இடத்துல. டெம்பிள் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய அரசு கட்டடம். பேர், கென்னத் ஹான் ஹால் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் தலைமையகம்.

காரணம், அங்கே எம்.எஸ். படிக்கிற என் நண்பன். ''ஏதாவது ஒரு உள்ளாட்சிக் கூட்டத்துல உட்கார்ந்து கவனிச்சு ரிப்போர்ட் எழுதணும் மச்சி. ப்ராஜெக்ட். தனியா போனா தூங்கிடுவேன், துணைக்கு வா'' என்றான். 2025 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. ரயில்ல போய் சிவிக் சென்டர் ஸ்டேஷன்ல இறங்கினோம். எதிரே பிங்க் கலர் நாற்காலி போட்ட பார்க். அதுக்கு அந்தப் பக்கம் வெள்ளை கோபுரமா சிட்டி ஹால். இந்தப் பக்கம் நம்ம கவுன்டி கட்டடம்.

''சிட்டி ஹால் அங்கே இருக்கே, அப்புறம் இது எதுக்குடா?''ன்னு கேட்டேன். சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கேன்னு அப்போ எனக்கே தெரியாது!

ஐந்து பேர், ஒரு கோடி ஜனம்

கலிஃபோர்னியாவில் மொத்தம் 58 கவுன்டிகள். நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கலாம். ஆனா, கலெக்டர் கிடையாது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சூப்பர்வைசர்கள்தான் ராஜா, மந்திரி எல்லாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் கிட்டத்தட்ட ஒரு கோடி பேர் வாழ்கிறார்கள். அதற்குள் 88 நகரங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அதில் ஒண்ணு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, சிறை, தேர்தல், குழந்தைகள் நலம், வீடில்லாதவர்களுக்கான உதவி... இதையெல்லாம் கவுன்டிதான் பார்க்கிறது. வருஷ பட்ஜெட் 4,500 கோடி டாலருக்கும் மேல். இதை முடிவு பண்ணுகிறவர்கள் வெறும் ஐந்து பேர்! ஒரு காலத்தில் இவர்களை 'ஐந்து குட்டி ராஜாக்கள்' என்று கிண்டல் பண்ணுவார்களாம். 2020 டிசம்பரிலிருந்து ஐந்து பேருமே பெண்கள் என்பதால் அந்தக் கிண்டல் செல்லாமல் போச்சு.

உள்ளே நுழைஞ்சதும் ஸ்கேனர் வெச்சு பையைச் சோதிச்சாங்க. ''பாஸ்போர்ட் எடுக்கணுமா?''ன்னு நான் பதற, நண்பன் சிரிச்சான். கூட்டத்தில் உட்கார பேர் சொல்லணும்னுகூட கட்டாயம் இல்லையாம். இதற்குக் காரணம் 1953-ல் வந்த பிரவுன் சட்டம். கலிஃபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்கள் எல்லாம் திறந்த கதவோடு நடக்கணும், வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னாடியே என்ன பேசப்போகிறோம் என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெச்சிடணும், பெரும்பான்மை உறுப்பினர்கள் தனியா உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிட்டு வரக்கூடாது, ஜனங்களைப் பேச விடணும், திட்டினாலும் தடுக்கக்கூடாது. எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கு.

மைக் முன்னாடி வரிசையாக வந்தார்கள். அன்னிக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம். டைமர் ஓடிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் வாடகை பற்றிக் கொதித்தார். ஒருத்தர் ஆஸ்பத்திரி. ஒருத்தர் என்ன பேசறார்னு அவருக்கே தெரியலை! 'பீப்' சத்தம் கேட்டதும் வாக்கியம் பாதியில் நிற்க, அடுத்த ஆள்.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பாட்டி. மடியில் ஸ்பைரல் நோட். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் யார் என்ன ஓட்டுப் போட்டாங்கன்னு குறிச்சுக்கிட்டே இருந்தார்.

''நீங்க பத்திரிகையா?''

''இல்லை. ரிட்டையர்டு டீச்சர். என் வரிப் பணம் எங்கே போகுதுன்னு பார்க்க வர்றேன்.''

''ஒரு நிமிஷத்துல பேசி ஏதாவது மாறுமா?''

''பேசறதைவிட உட்கார்ந்து பார்க்கறதுதான் முக்கியம். யாரோ பார்க்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்'' என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ''நம்பிக்கை வரலையா? பெல் போயிட்டு வாங்க'' என்றார்.

பெல் அடிச்ச கதை

பெல் என்பது ஊரின் பேர். டவுன்டவுனுக்குத் தென்கிழக்கே இரண்டரை சதுர மைல் மட்டுமே உள்ள குட்டி நகரம். 88-ல் அதுவும் ஒண்ணு. மத்தியானமே பஸ் மாறி மாறிப் போய் இறங்கினோம். கேஜ் அவென்யூவில் டாகோ கடைகள், டயர் கடைகள், ஸ்பானிஷ் போர்டுகள். உழைக்கிற ஜனங்களின் ஊர்னு பார்த்ததும் தெரியுது. பைன் அவென்யூவில் சிட்டி ஹால், நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி அடக்கமா உட்கார்ந்திருக்கு.

இந்த அடக்கமான கட்டடத்துக்குள்தான் அது நடந்தது. 2005-ல் ஒரு சின்ன தேர்தல். 'நம் நகரத்துக்குத் தனி சாசனம் வேண்டுமா?' என்று கேள்வி. கேட்க நல்லாத்தானே இருக்கு? கவுன்சிலர்களின் சம்பளத்துக்கு மாநிலம் வைத்த உச்சவரம்பிலிருந்து தப்பிக்கிற வழி அது என்று வாக்குச்சீட்டில் எங்கேயும் போடவில்லை. சுமார் 36,000 பேர் வாழ்ந்த ஊரில் விழுந்த ஓட்டுகள் 400-கூட இல்லை. பாஸ்!

அப்புறம் ஐந்து வருஷம் யாரும் எட்டிப் பார்க்கலை. 2010 ஜூலையில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் இருவரும் தோண்டியபோது தலை சுத்திப் போச்சு. நகர மேனேஜர் ராபர்ட் ரிஸோவின் வருஷச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதி வாங்குவதே 4 லட்சம்தான்! பகுதிநேர கவுன்சிலர்களில் நாலு பேருக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். இன்னொரு பக்கம், பணக்கார பெவர்லி ஹில்ஸைவிட அதிக விகிதத்தில் சொத்து வரி கட்டிக்கொண்டிருந்தார்கள் இந்த ஏழை ஊர் மக்கள்.

அதுக்கப்புறம் ஜனங்க சும்மா இருக்கலை. 'பாஸ்தா' என்ற பேரில் அமைப்பாகச் சேர்ந்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் 'போதும்' என்று அர்த்தம். கவுன்சில் கூட்டத்துக்கு உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றது கூட்டம். 2010 செப்டம்பரில் எட்டுப் பேர் கைது. வழக்குப் போட்டது கவுன்டியின் மாவட்ட வழக்கறிஞர். 2011 மார்ச்சில் மக்களே ஓட்டுப் போட்டு கவுன்சிலைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருஷம் பத்திரிகைக்கு புலிட்சர் பரிசு. 2014-ல் ரிஸோவுக்கு 12 வருஷ சிறை.

பஸ் ஸ்டாப்பில் நண்பன் சொன்னான். ''பிரவுன் சட்டம் 1953-லயே வந்தாச்சு மச்சி. 2005-லயும் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய் உட்காரத்தான் ஆள் இல்லை.''

பார்க்கிறவர்களை யார் அனுப்புவது?

பாட்டி மாதிரி ஆட்களின் பொறுமையை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை இவர்கள். கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு கவுன்டியிலும் வருஷத்துக்கு ஒரு சிவில் கிராண்ட் ஜூரி உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 23 பேர். 18 வயசு தாண்டிய, ஒரு வருஷமாவது அந்தக் கவுன்டியில் வாழ்ந்த குடிமக்கள் யாரும் விண்ணப்பம் போடலாம். வேலை என்ன தெரியுமா? கவுன்டி ஆபீஸ்களைக் கேள்வி கேட்பது, சிறைகளை நேரில் பார்ப்பது, ரிப்போர்ட் எழுதி எல்லோருக்கும் தெரிய வெளியிடுவது. அந்த ரிப்போர்ட்டுக்கு சூப்பர்வைசர்கள் 90 நாளில் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தண்டனை கொடுக்கிற அதிகாரம் இல்லாட்டியும், 'நாங்க பார்க்கவே இல்லை'ன்னு யாரும் தப்பிக்க முடியாது.

சில சமயம் அதுவும் போதாமல் போகும். போலீஸுக்கும் சிறைக்கும் தலைவரான கவுன்டி ஷெரிஃபின் கதை அப்படித்தான். 2011-ல் சிறைக்குள் நடந்த அடிதடி பற்றி எஃப்.பி.ஐ. விசாரித்தபோது, அவர்களுக்குத் தகவல் சொன்ன கைதியின் பேரையே மாற்றி ஒளித்து வைத்தது ஷெரிஃபின் துறை. விசாரணையைத் தடுத்ததற்காக அன்றைய ஷெரிஃப் லீ பாக்காவுக்கு 2017-ல் மூன்று வருஷ சிறை. இன்று அந்தத் துறையைக் கவனிக்க ஒரு இன்ஸ்பெக்டர் ஜெனரலும், ஒன்பது பேர் கொண்ட பொதுமக்கள் கமிஷனும் இருக்கு. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கிற அதிகாரத்தை 2020 மார்ச்சில் ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள் மக்கள்.

இன்னொண்ணு கேளுங்க... 2024 நவம்பரில் 'மெஷர் ஜி' என்ற திருத்தம் பாஸாச்சு. சூப்பர்வைசர்கள் ஐந்திலிருந்து ஒன்பது ஆகணும், தனி நெறிமுறைக் கமிஷன் வரணும் என்பதெல்லாம் அதில் இருக்கு. ஆனா, 2020-ல் மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த 'மெஷர் ஜே'யை சாசனத்தில் சேர்க்கவே மறந்திருக்கிறார்கள். அதனால் புதுத் திருத்தம் பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும் நிலைமை! 2025 ஜூலையில் இதைக் கண்டுபிடித்தது கவுன்டி வக்கீல்கள் இல்லை; டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் முன்னாள் கவுன்சிலர். படித்துப் பார்க்க ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான்.

லேக் அவென்யூவுக்கு மேற்கே...

மறுநாள் ஆல்டடீனா. பாசடீனாவில் லேக் ஸ்டேஷனில் இறங்கி, மலையைப் பார்த்து மேலே போகிற பஸ். போகப் போக பேச்சு நின்னு போச்சு. தெருவின் இரண்டு பக்கமும் காலி மனைகள். சில இடத்தில் புகைக்கூண்டு மட்டும் தனியா நிற்குது. நடுவே புது மரச்சட்டங்கள் எழும்பிக்கிட்டு இருக்கு. சாண்டா ரோசா அவென்யூவில் மட்டும் நம்ம இமயமலை தேவதாரு மரங்கள் இரண்டு பக்கமும் பச்சையா உயர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த மரங்களுக்கு விளக்கு போடுவது 1920-ல் தொடங்கிய பழக்கம்.

2025 ஜனவரி 7 சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஈட்டன் பள்ளத்தாக்கில் பிடித்த தீ, சூறைக்காற்றோடு ஊருக்குள் இறங்கியது. 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். 19 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒருவரைத் தவிர எல்லோரும் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்கள். கிழக்கே இருந்தவர்களுக்கு அன்று இரவே 'வெளியேறுங்கள்' என்று செல்போனில் உத்தரவு வந்தது. மேற்கே வந்தபோது மணி விடிகாலை 3.25.

இங்கேதான் என் முதல் நாள் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஆல்டடீனாவுக்கு மேயர் இல்லை, சிட்டி ஹால் இல்லை. எந்த நகரத்திலும் சேராத பகுதி அது. 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்த ஒரே உள்ளாட்சி, டெம்பிள் ஸ்ட்ரீட்டில் நான் பார்த்த அந்த ஐந்து பேர்தான். ஊரில் டவுன் கவுன்சில் ஒண்ணு இருக்கு. ஆனா, ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம்.

'ஏன் மேற்கே மட்டும் லேட்?' என்ற கேள்வியை ஜனங்கள் விடவே இல்லை. அந்த மாதமே, வெளி ஆட்களை வைத்து ஆய்வு பண்ண சூப்பர்வைசர்கள் முடிவெடுத்தார்கள். செப்டம்பரில் ரிப்போர்ட் வந்தது. பழைய விதிமுறைகள், உத்தரவு போடும் பொறுப்பு யாருடையது என்பதில் தெளிவின்மை, தகவல் பரிமாற்றத்தில் கோளாறு என்று அடுக்கியது. 'எல்லாம் சரி, எங்க கேள்விக்கு பதில் எங்கே?' என்றார்கள் மேற்குப் பகுதி மக்கள்.

முதல் நாள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மூணு மணி நேரக் கூட்டம் எனக்கு போரடிச்சது உண்மை. எச்சரிக்கை சிஸ்டம், ஆள் எண்ணிக்கை, யாருக்கு எந்த அதிகாரம்... இந்த மாதிரி சப்ஜெக்ட் எல்லாம் அப்படித்தான் கொட்டாவி வரவழைக்கும். ஆனா, அந்தக் கொட்டாவி சமாசாரம்தான் ஒரு ராத்திரி 3.25 மணின்னு வந்து நிற்குது.

திரும்பும்போது நண்பன் கேட்டான். ''உங்க ஊர்ல கிராம சபை நடக்குமே... போயிருக்கியா?''

கும்பகோணம் பக்கத்துல கிராமம் எனக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15... எல்லாம் லீவு நாளாச்சே! கிரிக்கெட்டுக்குப் போயிருக்கேன், சினிமாவுக்குப் போயிருக்கேன். கிராம சபைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. பெல் ஊர்க்காரங்களை நினைச்சு 'ச்சே, 400 பேரா?'ன்னு உச் கொட்டின நான், எங்க ஊர்ல எந்தப் பக்கம் இருந்தேன்?

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணினேன். ''அடுத்த கிராம சபைக்கு நான் போறேம்மா. வரவு செலவுக் கணக்கு வாசிப்பாங்கல்ல... நோட்டு எடுத்துட்டுப் போய் எழுதிக்கப் போறேன்.''

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

''நல்லா போ. அப்படியே நம்ம தெரு லைட்டு எட்டு மாசமா ஏன் எரியலைன்னும் கேட்டுட்டு வா!''