கராம்பு எண்ணெயும் என் இடது கண்ணும்

ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில், நான் மாத்தளைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் கைடாக வேலை செய்தேன். உக்குவளையிலிருந்து மாத்தளை டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தம்புள்ளை ரோட்டில் இன்னொன்று. கண்டியிலிருந்து சீகிரியா போகிற வேன்கள் அந்தத் தோட்டங்களில் நிற்கும். மிளகுக் கொடி, கொக்கோ, வனிலா எல்லாம் காட்டி, கறுவாப் பட்டையை உரித்து மணக்கக் கொடுத்து, கடைசியில் எல்லாரையும் கடைக்குள் கூட்டிப் போகணும். அதுதான் வேலையே.

மாமா அங்கே ரொம்ப வருசமாக இருக்கிறார். என்ன சொல்லணும் என்று அவர்தான் பாடமாக்கித் தந்தார். சந்தன எண்ணெய் முகத்துக்கு, சிட்ரொனெல்லா நுளம்புக்கு, கராம்பு எண்ணெய் பல்வலிக்கு. பல்வலி மட்டும் பொய்யில்லை. கராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினோல். அது மரத்துப்போகச் செய்யும், கிருமியையும் கொல்லும். பல் டொக்டர்மார் தற்காலிகமாகப் பல் அடைக்கிற மருந்திலும் அதைத்தான் சேர்க்கிறார்கள். ஆனா நாங்க பல்லோடு நிறுத்தலையே.

ஒருநாள் ஒரு பிரெஞ்சு அம்மா வந்தாங்க. மேல் இமையில் சிவப்பா ஒரு கட்டி. "இதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாங்க. எனக்குப் பத்தொன்பது வயசு. தெரியாது என்று சொல்வது கைடு வேலையில் கிடையாது. "கராம்பு எண்ணெய் ஒரு சொட்டு, கட்டியைச் சுற்றிப் பூசுங்க, கிருமி செத்துடும்" என்றேன். ரெண்டு போத்தல் வாங்கினாங்க. மாமா தூரத்திலிருந்து தலையாட்டினார்.

போன வருசம், கம்பஸில் பிரசன்டேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி, என் இடது கண்ணில் கண்கட்டி வந்தது. சிங்களப் பிள்ளைகள் இதை 'இப்பா' என்பார்கள், அதாவது ஆமை. போர்டிங்கில் என் அறைத்தோழி அதைச் சொல்லியே சிரித்தாள். நான் போனில் தேடினேன். இமைக் கட்டிக்கு டீ ட்ரீ எண்ணெய் பூசச் சொல்லி நிறைய வந்தது. அது என்னிடம் இல்லை. மாமா தந்த கராம்பு எண்ணெய் இருந்தது. நானே வித்த சாமான், நானே சொன்ன வைத்தியம். காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, இமை ஓரத்தில் வைத்தேன்.

முதலில் குளிர்ச்சி. பிறகு ஒருமுறை கண் சிமிட்டியதுதான், எண்ணெய் உள்ளே போய்விட்டது. அந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? பச்சை மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தொட்டிருப்பீங்க இல்லையா, அதெல்லாம் சும்மா. தோழி என் தலையைப் பைப்புக்குக் கீழே பிடித்து, கால் மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் விட்டாள். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று எட்டாம் வகுப்பில் படித்தது அப்பதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணின் முன்னாலிருக்கும் கண்ணாடி மாதிரியான படலத்தின் மேல்தோல் பொசுங்கியிருக்கு என்றார். நல்லவேளை, ஆழமில்லை. களிம்பு தந்தார். கட்டிக்கு என்ன மருந்து என்று கேட்டேன். இமை மயிர் ஓரத்துச் சுரப்பி அடைத்து, அதில் கிருமி தொற்றுவதுதான் கண்கட்டி. சுத்தமான துணியை இளஞ்சூட்டு வெந்நீரில் பிழிந்து பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தரம். பிதுக்காதே, மை போடாதே. ஒன்று இரண்டு கிழமையில் தானாகப் போயிடும். வீக்கம் கன்னத்துக்குப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே வா. அவ்வளவுதான்.

எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்தாங்க. சின்ன வயசில் கண்கட்டி வந்தால், துணியை உருட்டி மண்ணெண்ணெய் லாம்புச் சிம்னியில் காட்டி, தன் கன்னத்தில் சூடு பார்த்துட்டு என் இமையில் ஒத்துவாங்க. அம்மாச்சி செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரல. கண் சிவந்தால் தாய்ப்பால் விடச் சொன்னதும் அவங்கதான். ஆனா இந்தச் சூடு ஒத்தடத்தை நான் கணக்கிலேயே எடுக்கல. அது போத்தலில் வராததாலயோ என்னவோ.

டீ ட்ரீ விசயத்தையும் பிறகு படித்துப் பார்த்தேன். இமை மயிரில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சிக்கு எதிராக அதைப் பரிசோதித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது இமைக்கென்றே ஐதாக்கித் தயாரித்த மருந்து. போத்தலில் இருப்பது குவியல் குவியலாக மொட்டையும் இலையையும் ஆவியில் வடித்து எடுத்த சாறு. இமையோ உடம்பிலேயே மெல்லிய தோல். 'இயற்கை' என்ற சொல்லை நான் நூறு தரம் சொல்லி வித்திருக்கேன். இந்தச் செறிவைப் பற்றி ஒருதரமும் சொன்னதில்லை.

லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ மாமாவிடம் சொன்னேன். முதலில் "ஐயோ, கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் அந்தப் பிரெஞ்சு அம்மா கதையையும் சொன்னதும் பேசாமல் இருந்தார். பிறகு, "அதெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தா யாரும்மா வாங்குவா?" என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். அவர் பிள்ளைகள் ரெண்டு பேரும் அந்தக் கொமிஷனில்தான் படிக்கிறார்கள். எனக்குப் பதில் வரல. நானும் அந்தக் காசில்தான் கம்பஸுக்கு முதல் செருப்பும் பேக்கும் வாங்கினேன்.

போத்தலை எடுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், கண்ணில் படக்கூடாது என்று அச்சடித்தே இருந்தது. அத்தனை மாசம் கையில் வைத்து வித்திருக்கேன், ஒருதரமும் வாசிக்கல.

அந்த அம்மா பெயர் தெரியாது. மறுநாள் காலையில் சீகிரியா ஏறப்போவதாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு.