கூடப்பிறந்தவர்கள்

ஒரு வீட்டிலே ஒரு குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலன்றி வேறுவிதமாக வளரும்போது, வருகிறவர்கள் எல்லாரும் அக்குழந்தையைப் பற்றியே விசாரிப்பர். சிலர் தாயைப் பற்றி விசாரிப்பர். அதே வீட்டுத் திண்ணையிலே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டும் கேளாதார் போல இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. அவர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த கிளிவெட்டி எங்கள் ஊர். எங்களுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவளுக்கு 11 வயது, அடுத்த மகனுக்கு 6, கடைக்குட்டிக்கு 4. நடுவில் பிறந்தவனுக்கு ஓட்டிசம். மதியிறுக்கம் என்றும் அதனை எழுதுவர். பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பாரான். வாசலிற் கிடக்கும் செருப்புகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்குவான். அறுவடை இயந்திரத்தின் ஓசை தொலைவிற் கேட்டாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அழுவான். பேசுவது இன்னும் சில சொற்களே. இது தொற்றும் நோயன்று. மருந்தால் மாறும் நோயுமன்று. மூளையின் வளர்ச்சி வேறு வழியிற் செல்வதால் உண்டாகும் நிலை.

இதனை நாங்கள் அறிந்தது திருகோணமலைப் பட்டினத்திலே. முன்னாளில் எங்கள் ஊரவர் மூதூரிலிருந்து குடாவைக் கடந்து பட்டினம் போவர். 2009இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டமையால் இன்று பஸ்ஸிலேயே போய் வருகிறோம். ஆயினும் கிளினிக் நாளென்றால் விடியற்காலை புறப்பட்டுப் பின்னேரந்தான் திரும்ப முடியும். அன்று மற்ற இருவரும் அம்மம்மா வீட்டில். ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் நேரம் மற்றப் பிள்ளைகளிடமிருந்து எடுத்த நேரமே என்பதை அந்தப் பயணங்கள் எனக்கு உணர்த்தின.

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது பழமொழி. பிள்ளை பேசாதிருந்தால் அப்பழமொழி தாயின் நெஞ்சிலே தைக்கும். ஊராரை மட்டும் நோவானேன்? 1943இல் அமெரிக்காவிலே லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். அதன்பின் பல ஆண்டுகளாக, அன்பற்ற தாய்மாரே இதற்குக் காரணம் என்று படித்தவர் பலர் எழுதினர். சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் புரூனோ பெற்றல்ஹைம் 1967இலும் அவ்வாறே ஒரு நூல் எழுதினார். ஆனால் 1964இலேயே பேர்னாட் றிம்லண்ட் என்ற உளவியல் அறிஞர் அக்கருத்தை மறுத்திருந்தார். அவரும் இத்தகைய மகன் ஒருவனுக்குத் தந்தை. அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று மிக எளியது: அதே தாயின் கையில் வளர்ந்த மற்றப் பிள்ளைகள் பெரும்பாலும் எல்லாரையும் போலத்தானே வளர்ந்திருக்கிறார்கள்! 1977இல் சூசன் போல்ஸ்ரீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து, பரம்பரை வழி வரும் காரணத்துக்கே பெரும்பங்கு உண்டு என்று காட்டினர்.

ஆகவே, தாயின் பக்கம் நின்று சாட்சி சொன்னவர்கள் கூடப்பிறந்தவர்களே. அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன?

சென்ற ஆண்டு மூத்தவள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அவளுடைய குறிப்புக் கொப்பியைத் தம்பி எடுத்து, ஒவ்வொரு தாளையும் ஒரே அகலத்திற் கிழித்து, வரிசையாக அடுக்கிவிட்டான். அவள் விம்மி அழுதாள். “அவன் ஒன்றும் அறியாத பிள்ளை, நீதானே பொறுக்க வேணும்” என்றனர் அங்கிருந்த உறவினர். நான் அவளை உள்ளே அழைத்துப்போய், “உனக்குக் கோபம் வருவது நியாயம். தம்பி தெரியாமற் செய்தான் என்பதும் உண்மை, உன் உழைப்புப் போயிற்று என்பதும் உண்மை” என்றேன். அன்றிரவு அவளும் அப்பாவும் இருந்து புதுக் கொப்பியில் எழுதினர். மறுநாள் அலுமாரியின் மேற்றட்டு அவளுக்கே உரியதாயிற்று. பூட்டும் திறப்பும் வாங்கிக் கொடுத்தோம். பொறுமை நல்ல குணந்தான். ஆனால் அதனை எந்நாளும் ஒரே பிள்ளையிடம் கேட்பது நீதியாகாது.

“நாளைக்கு நீதானே இவனைப் பார்க்க வேணும்” என்ற சொல்லையும் எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் சொல்லலாகாது என்று நானும் கணவரும் தீர்மானித்தோம். அதுகேட்டுப் பெரியம்மா ஒருவர் கோபித்தார். “அப்ப உங்களுக்குப் பிறகு ஆர் பார்க்கிறது?” என்றார். நியாயமான கேள்வி, என்னை நித்திரை கொள்ள விடாத கேள்வியும் அதுவே. ஆயினும் அதற்கு விடை தேடவேண்டியவர்கள் பெரியவர்கள். வளர்ந்தபின் அவள் தானாகவே அன்பினால் முன்வருவாளாயின் அது வேறு. 11 வயதிலே அவள் தலையில் அதனை ஏற்றிவைப்பது வேறு.

எங்களால் இயன்ற விடை, அவன் காரியங்களை அவனே செய்யப் பழக்குவது. தண்ணீர், சோறு, மலசலகூடம் என்று படங்கள் ஒட்டிய அட்டைகள் வைத்திருக்கிறோம். வேண்டியதன் அட்டையை அவன் எடுத்துத் தந்தால் அதனைக் கொடுப்போம். இப்போது தன் கோப்பையைத் தானே கழுவுகிறான். அதற்கு எட்டு மாதம் சென்றது. அவன் கற்கும் ஒவ்வொரு வேலையும் நாளை அவன் அக்காவின் தோளிலிருந்து இறங்கும் ஒரு சுமையல்லவா? மாற்றுத்திறன் காரணமாகக் கல்வி நிலையத்திலோ தொழிலிலோ ஒருவரை வேறுபடுத்தலாகாது என்று நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

கடைக்குட்டி கைக்குழந்தையாயிருந்த காலத்தில் எனக்கு வேறோர் அச்சம். ஓட்டிசமுள்ள பிள்ளைக்குப் பின் பிறப்பவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது வரலாம் என்பர் ஆராய்ச்சியாளர். குடும்பநல உத்தியோகத்தர் வரும்போதெல்லாம், பெயருக்குத் திரும்புகிறானா, விரலாற் சுட்டிக் காட்டுகிறானா என்று பார்க்கச் சொல்வேன். அவன் திரும்பினான், சுட்டினான், 3 வயதில் வாய் ஓயாமற் கதைத்தான். ஒருநாள், “அண்ணா ஏன் என்னோட கதைக்கிறார் இல்லை?” என்று கேட்டான். “அண்ணாவுக்குச் சொல் வெளியே வர நேரமெடுக்கும். அட்டையைக் காட்டிக் கேட்டுப் பார்” என்றேன். இப்போது பந்துப் படத்தைக் காட்டி அண்ணனை முற்றத்துக்கு அழைக்கிறான். சில நாட்களில் அண்ணன் வருவான். சில நாட்களில் வரான். சின்னவன் அதற்காக வருந்துவதில்லை.

அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில், எங்களில் ஒருவர் மகனோடு பறையொலி குறைந்த வயற்பக்கம் நிற்போம். மற்றவர் இருவரையும் கூட்டிச்சென்று பூசை முழுவதும் காட்டுவார். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மூத்தவளுக்கு மட்டும் உரியது. அப்போது அவள் சொல்வதை நான் கேட்பேன். தம்பியைப் பற்றிய பேச்சை நானாக எடுப்பதில்லை.

இத்தகைய குடும்பம் உங்கள் அயலிலும் இருக்கக்கூடும். அங்கே செல்லும்போது இரக்கச் சொல் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வாருங்கள், அல்லது திண்ணையில் இருக்கும் மற்றப் பிள்ளையிடம், “நீ என்ன படிக்கிறாய்?” என்று கேளுங்கள். அப்பிள்ளை அந்தக் கேள்விக்காக நெடுநாளாகக் காத்திருக்கக்கூடும்.