காஞ்சியில் இரண்டு இட்லி

சனி, காலை

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருக்கிறோம். கடை திறக்கும்வரை காந்தி சாலை சரவண பவனில் டிபன். சொன்ன கொஞ்ச நேரத்தில் பதினான்கு இட்லி வந்துவிட்டது. குட்டிக் குட்டி இட்லிகள் சாம்பாரில் மூழ்கிக் கிடக்க, மேலே நெய் மினுங்கியது. 1981-இல் சென்னை கே.கே. நகரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய சரவண பவன், இன்று பாரிஸ் வரை போயிருக்கிறது. பக்கத்து மேசையில் கைக்குழந்தையோடு ஓர் ஆந்திரக் குடும்பம். ஏகாம்பரநாதரைப் பார்த்தாயிற்று; காமாட்சி கோயில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும். ஊர் புதிது, ருசி பழகியது. யாத்திரை வருபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சனி, மாலை

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. தறியில் கோர்வைப் புடவை: உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஊடைக்கும் மஞ்சளும் அரக்கும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன.

"ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஆகும்ண்ணா?"

"பதினஞ்சு நாளாவது ஆகும்மா. அவசரப்பட்டா கோர்வை சரியா விழாது."

ஞாயிறு, காலை

வரதராஜப் பெருமாள் சந்நிதியில் சேவித்துவிட்டு வந்தபோது குடலை இட்லி கிடைத்தது. மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, கொரகொரப்பாக அரைத்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் பிரசாதம். நீள உருளையாக வருவதால் துண்டு போட்டுத்தான் தருகிறார்கள். பல்லில் மிளகு கடிபட்டது. பிறகு சீரகம், பெருங்காயம். கடைசியில் சுக்கின் காரம் தொண்டையில் நின்றது. ஓரத்தில் இலை வாசனை. சட்னி, சாம்பார் எதையும் மனம் தேடவில்லை.

ஞாயிறு, இரவு

காலையில் சாப்பிட்ட இட்லி ஒரு பழைய செய்தியை நினைவூட்டியது. 1986-இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டருகே மெக்டொனால்ட்ஸ் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. கார்லோ பெட்ரினி முன்னின்று நடத்திய 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் அதையொட்டி வளர்ந்ததுதான். அந்தந்த மண்ணின் சாப்பாட்டைத் தேடிக் காப்பாற்றுவதே அதன் வேலை. காஞ்சிக்கும் அந்த வேலை இருக்கிறது. விரைவாகப் பசியாற்றும் கடைகள் வேண்டும்; இவ்வளவு கூட்டம் வரும் ஊர் அவை இல்லாமல் தாங்காது. ஆனால் பட்டுப் பையோடு பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் குடலை இட்லியை ருசித்திருப்பார்கள்? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிப் பேரைக் காத்தோம். கோர்வைக்குக் கொடுக்கும் பொறுமையை இந்த இட்லிக்கும் கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கைப்பக்குவத்துக்கு வேலை வர வேண்டுமானால், வருகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கல்யாணக் காலை டிபனுக்குக் குடலை இட்லிதான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். சமையல்காரர் விடியற்காலை இரண்டு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டியிருக்கும். அதற்குரிய கூலியைச் சேர்த்தே கொடுப்போம்.