தராசைச் சோதிப்பவர் யார்?

தோட்டத்துக் கிராணியின் தொழில் நிறுப்பதும் எழுதுவதுமேயாகும். பால்மரம் சீவும் தோழர்கள் சுமந்து வரும் பாலைத் தராசில் ஏற்றுவோம். முள் காட்டும் எண்ணைப் பேரேட்டில் பதிவோம். பல்லாண்டுகளாக அம்முள்ளை நாம் ஐயுற்றதில்லை. ஒருநாள் முதிய அம்மையார் ஒருவர், “கிராணி ஐயா, மரமும் அதுவே, வாளியும் அதுவே, எடை மட்டும் ஏன் இளைத்தது?” என்று கேட்டார். மழையின் மேல் பழிபோட்டு அவரை அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு நாம் படித்த ஆங்கிலக் கட்டுரையொன்று நம்மை உறங்கவிடவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் 2014-இல் ‘சென்டினல்-1ஏ’ என்னும் செயற்கைக் கோளை ஏவினர். அது ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியின் வன்மையை அளக்கிறது. வெள்ளம் பரவியதையும் நிலம் தாழ்ந்ததையும் அதனால் அறியலாம். ஆனால் அக்கருவி காட்டும் எண் மெய்யென்பதற்குச் சான்று யாது?

அறிஞர்கள் இதற்கும் ஒரு படிக்கல் செய்துள்ளனர். மூன்று உலோகத் தகடுகளைப் பெட்டியின் மூலைபோல் செங்கோணமாக இணைத்துத் தரையில் நிறுத்துகின்றனர். அதனுள் புகும் அலை மூன்று தகட்டிலும் மோதி வந்த திசைக்கே திரும்பும். தகட்டின் அளவும் அலையின் நீளமும் தெரிந்தால், எதிரொலி எவ்வளவு இருக்கவேண்டுமென்று கணக்கிடலாம். பக்கத்தை இருமடங்காக்கினால் எதிரொலி பதினாறு மடங்காகும். கணக்குக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடே திருத்தத்தின் அளவு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், சூராட் வடிநிலத்தில், 2014-இல் இத்தகைய மூலைகள் 40 நாட்டப்பட்டன. தகடு வளைந்தாலும் மழைநீர் தேங்கினாலும் கணக்குப் பிழைக்கும். ஆகவே படிக்கல்லையும் பேணிச் சோதித்தல் வேண்டும்.

இன்னொன்றே நம் நெஞ்சைத் தைத்தது. ஏவியவர்கள் தம் சொல்லோடு அமையவில்லை. ஜெர்மன் விண்வெளி மையத்தார் தெற்கு ஜெர்மனியில் தம்முடைய கருவிகளை நிறுத்தி, அக்கோளைத் தனியாகச் சோதித்தனர். திருத்துவது ஒரு வேலை. திருத்தியது சரிதானா என்று வேறொரு சான்றால் மெய்ப்பிப்பது மற்றொரு வேலை. திருத்தப் பயன்பட்ட படிக்கல்லையே மெய்ப்பிக்கவும் வைத்தால், தன் வழக்குக்குத் தானே சாட்சி சொன்னது போலாகும்.

வானில் சுழலும் கருவியை ஐயுறுவது அறிவுடைமை என்றால், நம் கொட்டகைத் தராசை ஐயுற்ற அம்மையாரை நாம் ஏன் கடிந்தோம்? மறுநாட்காலை, முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்தோம். முள் பத்தொன்பதரையில் நின்றது!

மேலாளரிடம் கூறினோம், தராசு திருத்தப்பட்டது. அம்மையாரிடம் பிழை பொறுக்குமாறு வேண்டினோம். “இப்போதாவது பார்த்தீர்களே, ஐயா” என்றார். ஆயினும் பழைய பேரேடுகளில் எத்தனை அரைக் கிலோக்கள் புதைந்து கிடக்கின்றன? அவை யாவும் நம் கையெழுத்தில், அழகாக, அடித்தல் திருத்தலின்றி எழுதப்பட்டவை. முள் என்று பிழைக்கத் தொடங்கிற்றென்று தெரியாமையால், அக்கூலியை இனிக் கணக்கிட்டுக் கொடுக்கவும் வழியில்லை.

இப்பொழுது திங்கட்கிழமைதோறும் நிறுவைக்கு முன் படிக்கல் தராசில் ஏறுகிறது. அதை வைப்பவர் நாமல்லர். பால் கொண்டுவரும் தோழர்களுள் ஒருவர் வைக்கிறார், மற்றவர்கள் முள்ளைப் பார்க்கிறார்கள். அதன் பின்னரே நாம் பேனாவை எடுக்கிறோம்.