குதிரைக்கு மாற்றப்பட்ட சிறுவன்

1821-ஆம் ஆண்டின் ஒரு காலை. இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் ஓசோகுன் என்ற யொரூபா ஊர். வீடுகளில் காலைச் சமையல் நடந்துகொண்டிருந்தபோது அடிமை பிடிப்பவர்கள் ஊரைச் சூழ்ந்தார்கள். எச்சரிக்க ஓடிவந்த அப்பா மீண்டும் சண்டைக்கே திரும்பினார். மகன் அவரைப் பார்த்தது அதுவே கடைசி. அம்மாவோடும் சகோதரிகளோடும் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துச் செல்லப்பட்ட அந்தச் சிறுவன் அஜாயிக்கு 12 அல்லது 13 வயது இருக்கும்.

பிற்காலத்தில் இவர்தான் பேராயர் சாமுவேல் அஜாயி கிரவுதர். நமக்குத் தேவை அந்தச் சிறுவன்.

பிடிபட்ட மறுநாளே அவனை ஒரு குதிரைக்கு மாற்றினார்கள். பிறகு அந்தப் பேரம் திரும்பியது. அடுத்தடுத்து பல கைகள் மாறினான். ஒருமுறை அவன் விலை புகையிலையும் ரம்மும். போர்த்துகீசியரிடம் விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில் இரவுகளில் உயிரை விடவும் முயன்றிருக்கிறான். பயந்தபடியே லாகோஸில் கப்பலேற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மறித்துப் பிடித்தது. (இதே பிரிட்டன் 1807 வரை அடிமை வணிகத்தில் கொழுத்த நாடு. மீட்புக் கதைகளில் இதைச் சொல்ல வசதியாக மறந்துவிடுவார்கள்.)

போர்க்கப்பலில் தொங்கிய பன்றி இறைச்சியை மனித உடல் என்றும், பீரங்கிக் குண்டுகளை மனிதத் தலைகள் என்றும் நினைத்துப் பிள்ளைகள் நடுங்கினார்கள். மீட்கப்பட்டவர்களுக்குத் தாங்கள் மீட்கப்பட்டது தெரியவில்லை! செங்கல் சூளைகளிலிருந்து மீட்கப்படும் பிள்ளைகளோடு வேலை செய்பவள் என்பதால் இந்த இடத்தை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை. அரசு வண்டியில் ஏறும்போது அவர்கள் முகத்தில் நான் பார்ப்பதும் பயம்தான். மறுநாள் செய்தியில் 'மகிழ்ச்சி' என்று வரும்.

இத்தனையும் நமக்குத் தெரிவது 1837-இல் கிரவுதர் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து. அதில் பிடிபட்ட நாளையே ஒரு வகையில் நல்ல நாளாகக் கருதக் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார். தோழர்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் யாருக்குப் போனது? அவரைப் படிக்கவைத்து வேலையும் கொடுத்த மிஷன் சங்கத்தின் செயலாளருக்கு. வாக்குமூலம் எடுக்கும்போது எங்கள் பிள்ளைகளும் அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நன்றி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் யார் என்பதும் சேர்ந்துதான் ஒரு வாக்குமூலம் உருவாகிறது. கிரவுதர் என்ற பெயரே ஞானஸ்நானத்தின்போது ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரிடமிருந்து வந்ததுதான். அஜாயி என்பதையும் அவர் விடாமல் வைத்துக்கொண்டார்.

1846-இல் அபேகுட்டாவில் அம்மாவைக் கண்டுபிடித்தார். பிரிந்து 25 ஆண்டுகள். அம்மாவால் நம்ப முடியவில்லை, உடல் நடுங்கியது. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பேச ஆரம்பித்தபோது, பல ஆண்டுகளாக யாரும் கூப்பிடாத வீட்டுச் செல்லப்பெயர்களால் அவரை அழைத்தார்கள்.

1864-இல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனார். 1890-இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவரைவிட மிக இளைய வெள்ளை மிஷனரிகள் நைஜர் மிஷனுக்கு வந்து கணக்குக் கேட்டார்கள். அவருடைய ஆப்பிரிக்க ஊழியர்களை அவர் கண்ணெதிரே நீக்கினார்கள். அடுத்த ஆண்டின் கடைசி நாளில் அவர் இறந்தார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு அனுப்பப்பட்ட பேராயர் ஒரு வெள்ளையர்.