ஆயுத பூசையில் வைக்காத ஆயுதம்

கான்பூருக்குப் பிழைக்க வந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், இரவில் நாய் குரைத்தால் ‘யார் அங்கே?’ என்று தமிழில் கேட்கும் வழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. 2021ஆம் ஆண்டில் ஒருநாள் நள்ளிரவில் அடுத்த வீட்டில் கொள்ளையர் புகுந்தபோதும் அப்படித்தான் கேட்டேன். விடை சொல்வார் எவருமில்லை. விடிந்ததும், அவ்வீட்டுப் பெரியவரைத் தலையில் கட்டுடன் கண்டேன். அன்றே ஒரு சுழல்துப்பாக்கிக்கு உரிமம் கோருவதென்று முடிவு செய்தேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். விண்ணப்பம், காவல்துறையின் விசாரணை, பயிற்சிச் சான்று என்று படிகள் பல. உரிமம் கைக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

துப்பாக்கி விற்கும் கடைக்காரர் நரைத்த தாடியுடைய முதியவர். ‘.32’ அளவில் இரண்டை என்முன் வைத்தார். இரண்டும் இவ்வூரிலேயே பிறந்தவை. ஒன்று, 2014 சனவரியில் பெண்களின் கைப்பைக்கு ஏற்றதென்று அறிமுகமான ‘நிர்பீக்’; ஏறத்தாழ 500 கிராம் எடை. மற்றொன்று, 2023 ஆகஸ்டில் வந்த ‘பிரபல்’. ஏறத்தாழ 700 கிராம். முன்னதை நடுவில் மடித்துத் திறந்து தோட்டா இட வேண்டும். பின்னதில் சுழலும் உருளை பக்கவாட்டில் விலகித் திறக்கும்.

நான் இலேசானதையே எடுத்தேன். முதியவர் சிரித்தார். “சாகிப், சுமப்பதற்கு வாங்குகிறீர்களா, சுடுவதற்கு வாங்குகிறீர்களா?” என்றார். தோட்டா ஒன்றே ஆனால், துப்பாக்கி எடை குறையக் குறைய அதன் உதைப்பு மிகும். உதைப்புக்கு அஞ்சுபவன் பயிற்சியைக் கைவிடுவான். பயிற்சி இல்லாதவன் கையில் ஆயுதம் இருந்தும் பயனில்லை. அவர் சொல் நியாயமாகவே பட்டது. கனமானதையே வாங்கினேன்.

பயிற்சிக் களத்தில் என் பெருமிதம் கரைந்தது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுட்டால் விசை எளிதில் இசையும். குறியும் ஓரளவு தப்பாது. விசையை மட்டும் அழுத்திச் சுட்டாலோ, உருளையைச் சுழற்றுவதும் சுத்தியலை உயர்த்துவதும் அந்த ஒரு விரலின் வேலை ஆகின்றன. விரல் நடுங்கும், குழல் கீழே சாயும். பட்டப்பகலில், அசையாத காகிதத்தின்மேல், ஆறு தோட்டாக்களில் இரண்டே பட்டன. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அசையும் மனிதன்முன் என் கை என்ன செய்யும்? அந்த மனிதன் தண்ணீர் குடிக்க எழுந்த என் மகனாகவே இருந்தால்?

2024இல் ஆயுத பூசைக்குப் பேரன் வந்திருந்தான், ஐந்து வயது. இல்லாள் அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் பழைய கணக்கு ஏடுகள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். வடநாட்டார் விஜயதசமியில் துப்பாக்கிக்கும் பூசை செய்வதைக் கண்டவன் ஆதலின், “அதையும் எடுத்து வைக்கட்டுமா?” என்றேன். தலை நிமிராமலே சொன்னாள்: “என்னங்க, வீட்டைக் காக்க என்று அதைக் கொண்டுவந்தீர்கள். குழந்தை வந்த நாளிலிருந்து அதைக் காப்பதற்கல்லவா நான் தூங்காமல் கிடக்கிறேன்?”

எனக்கு மறுமொழி இல்லை. தோட்டாக்களைத் தனியே பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் துப்பாக்கி உதவாது; சேர்த்து வைத்தால் குழந்தைக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே வழி இருப்பதாக அதுவரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடை திறந்ததும் அம்முதியவரிடமே அதைக் காப்பில் ஒப்படைத்தேன். ஆயுதங்களைக் காப்பில் வைக்கவும் அவருக்கு உரிமம் உண்டு. ஞாயிறுதோறும் பெற்றுச் சென்று சுடுகிறேன். மாலையில் திருப்பித் தருகிறேன். இப்போது ஆறில் நான்கு படுகின்றன. அது எனக்கு விளையாட்டு, காவல் அன்று.

காவலுக்கு இரும்புக் கதவும், தெருவிளக்கும், ஒரு மணியும் உள்ளன. மணி அடித்தால் பன்னிரண்டு வீட்டாரும் வெளியே வருவதென்று ஒப்பந்தம். முதலில் கையொப்பம் இட்டவர் தலையில் தழும்புடைய அடுத்த வீட்டுப் பெரியவர். ‘யார் அங்கே?’ என்று இந்தியில் கேட்கவும் நான் ஒருவாறு பழகிவிட்டேன்.