சம்மதியாத ஆலோசனைக்காரன்



நாளை திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. வழக்கமாக இந்த வாரத்தில் யோவான் ஸ்நானகனைக் குறித்து உங்களோடு தியானிப்பேன். இம்முறை என் மனம் லூக்கா 23ஆம் அதிகாரத்தின் முடிவில் வருகிற அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பினிடத்தில் போய் நிற்கிறது. கடந்த புதன்கிழமை, டிசம்பர் 11 அன்று, மாநிலங்களவையில் நடந்த வாக்கெடுப்பே அதற்குக் காரணம்.

பிரசங்க பீடத்தில் நான் கட்சி அரசியல் பேசுகிறவன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்திலும் இதுவரை அதைத் தவிர்த்தே வந்திருக்கிறேன். ஆயினும் இந்த வாரம் உள்ளத்தில் இருப்பதை மூடிவைத்துவிட்டு வேறொன்றை எழுதினால் அது மாய்மாலமாகிவிடும்.

நான் பழைமையில் பற்றுள்ள மனிதன். குடும்ப ஒழுங்கு, மதுவிலக்கு, பெரியோருக்குக் கனம், சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் ஆகியவற்றைப் பெரிதாக எண்ணுகிற வீட்டில் வளர்ந்தேன். என் தகப்பனார் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, காலையில் பட்டினியாய் வந்த பிள்ளைகள் மதியம் ஓடிப்போய்விடாமல் வகுப்பில் இருந்ததைக் கண்டு மகிழ்ந்தவர். அன்று முதல் எங்கள் வீட்டு வாக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. 1989இல் நான் முதன்முறை வாக்களித்தபோது இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. சேவல் சின்னத்தில் முத்திரை குத்தினேன். 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது மனம் நொந்தேன். அது திரும்பப் பெறப்பட்டபின் சமாதானமானேன். எருசலேம் யாத்திரைக்கு 20,000 ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டபோது எங்கள் சபையாரும் பயன்பெற்றார்கள். 2016இல் படிப்படியாக மதுவிலக்கு என்ற வாக்குறுதியை நம்பியே வாக்களித்தேன். பதவியேற்றதும் 500 மதுக்கடைகளை மூடும் உத்தரவு வந்தது. இவற்றையெல்லாம் மறுக்கும் நன்றிகெட்டவனாக இதை எழுதவில்லை.

மாநிலங்களவைக்கு நாம் நேரடியாக வாக்களிப்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்கிற சட்டமன்ற உறுப்பினர்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே 2016இல் கும்மிடிப்பூண்டித் தொகுதியில் நான் அழுத்திய பொத்தானின் பலன், கோட்டை வழியாக டெல்லிக்கும் போய்ச் சேர்ந்தது. குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு ஆதரவாக 125 வாக்குகள், எதிராக 105. ஆதரவு வாக்குகளில் அண்ணா தி.மு.க.வினுடையவை பதினொன்று, கூட்டணியின் பா.ம.க. உறுப்பினருடையது ஒன்று. இந்தப் பன்னிரண்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 113க்கு 117 என்றாகி மசோதா தோற்றிருக்கும். கணக்கில் நான் கெட்டிக்காரன் அல்லன். இந்தக் கழித்தலை மட்டும் புதன் இரவு நான்கைந்து முறை போட்டுப் பார்த்தேன்.

மசோதா சொல்வது இதுதான். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வந்துசேர்ந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோர் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படமாட்டார்கள். ஐந்தாண்டு வாசத்தில் குடியுரிமைக்குத் தகுதி பெறுவார்கள். இஸ்லாமியர் பெயர் பட்டியலில் இல்லை. இலங்கையும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் ஊழியத்தில் இருக்கும் சிநேகிதர் ஒருவர், நம்மையும் சேர்த்திருக்கிறார்களே, ஸ்தோத்திரம் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். பாகிஸ்தானில் ஆசியா பீபி மரண தண்டனைக் கைதியாக எட்டு ஆண்டுகள் சிறையில் கிடந்ததற்காக நாமெல்லாரும் ஜெபித்தோம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தத் தேசம் அடைக்கலம் தருமானால் முதலில் மகிழ்கிறவன் நான். ஆனால் அந்தச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தபோதே முகாமிலிருந்து ஒரு பாட்டியம்மா ஆராதனைக்குப் பூ கொண்டுவந்து வாசலில் நின்றார்.

கும்மிடிப்பூண்டி முகாமைப் புதிய வாசகர்கள் அறியாதிருக்கலாம். 2019 நிலவரப்படி தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழருக்கான முகாம்கள் 107. ஏறத்தாழ 60,000 பேர் அவற்றில் இருக்கிறார்கள். அவற்றுள் பெரியவற்றில் ஒன்று நம் ஊரில், சிப்காட் புகைபோக்கிகள் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. இந்தப் பாட்டியம்மா 1990இல் திருகோணமலையிலிருந்து படகில் வந்தவர். அவருடைய பேரன் 2000ஆம் ஆண்டு இதே மாவட்டத்து அரசு மருத்துவமனையில் பிறந்தான். டிப்ளமோ படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறான். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவன் பிறப்பினாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவனுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாயிருக்க வேண்டும். அவனுக்கோ இருவருமே படகில் வந்தவர்கள். தான் பெருந்தொகை கொடுத்து ரோமக் குடியுரிமை வாங்கியதாகச் சேனாபதி சொன்னபோது, தான் அதிலே பிறந்தவன் என்று பவுல் பதிலளித்ததை (அப்போஸ்தலர் 22) அந்தப் பையனுக்கு ஞாயிறு பள்ளியில் கற்பித்தவன் நான். இனி எந்த முகத்தோடு கற்பிப்பது?

“எங்கட பேரும் அதில இருக்கோ, ஐயா?” என்று பாட்டியம்மா கேட்டார்.

இல்லை என்றேன். அவர் சற்று நேரம் பூவை அடுக்கினார். “எங்கட ஆக்களும் கை தூக்கினவையாம், பேரன் சொன்னவன்” என்றார். அவர் ‘எங்கட ஆக்கள்’ என்றது தமிழ்நாட்டு உறுப்பினர்களை.

விவாதத்தில் அண்ணா தி.மு.க. உறுப்பினர் இலங்கைத் தமிழரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் செய்தார். கேட்டுவிட்டு ஆதரித்து வாக்களித்தார்கள். இரட்டைக் குடியுரிமை பெற்றுத் தருவோம் என்பது அக்கட்சி பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் சொல். நம் அரசியலமைப்பிலோ இரட்டைக் குடியுரிமைக்கு இடமே இல்லை. இந்த ஆண்டு ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேரின் விண்ணப்பங்களை இரக்கத்தோடு பரிசீலிக்க வழிகாட்டியது. மலையகத்துக்குத் தேயிலை பறிக்கப்போன இந்தியரின் சந்ததியார் அவர்கள். நீதிபதி திறந்த வாசலைச் சட்டமியற்றுவோர் அகலப்படுத்தியிருக்கலாம்.

கொறடா உத்தரவு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களிக்கிற உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். பணத்துக்கு விலைபோகிறவர்களைத் தடுக்கப் பிறந்த சட்டம் மனச்சாட்சிக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டது. ஆனால் கட்டளையிடுகிற கட்சித் தலைமைக்கு எந்தக் கொறடா? கடந்த ஜூலையில் முத்தலாக் மசோதா வந்தபோது இதே கட்சி மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்பதே நீண்டகால வாக்காளனாகிய என் கேள்வி.

இனி யோசேப்புக்கு வருகிறேன். இயேசுவை எல்லாரும் மரணத்துக்குப் பாத்திரர் எனத் தீர்த்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்காவோ அந்த ‘எல்லாரும்’ என்பதிலிருந்து ஒருவனைப் பிரித்தெடுக்கிறார்: யோசேப்பு ஆலோசனைச் சங்கத்தைச் சேர்ந்தவன், ஆனால் அவர்களுடைய தீர்மானத்துக்கு இணங்காதவன். அவன் எழுந்து பேசினானா, வெளியே போனானா, ஒன்றும் சொல்லப்படவில்லை. அவன் இணங்காததால் சிலுவை தடைபடவும் இல்லை. இறையியல் கல்லூரியில் படித்த நாளில், பயனற்ற இந்தக் குறிப்பை லூக்கா ஏன் எழுதினார் என்று வாதாடியவன் நான். அப்பொழுது எனக்கு இருபத்துநான்கு வயது.

நம் தமிழ் உலகத்திலும் ஒருவர் உண்டு. 1948இல் இலங்கை நாடாளுமன்றம் ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. இரண்டாவது குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் அமைச்சர், அவர் ஆதரித்தார். அதே கட்சியின் காங்கேசன்துறை உறுப்பினர் செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். அவர் கிறிஸ்தவர், அதிகம் பேசாத வழக்கறிஞர், எவ்வகையிலும் புரட்சிக்காரர் அல்லர். மலையகத்தார் அவருடைய வாக்காளரும் அல்லர். அடுத்த ஆண்டு தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1956இல்தான் மீண்டும் வென்றார்.

நேற்றுக் காலை பன்னிரண்டு கடிதங்கள் எழுதி அஞ்சலில் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் எந்த ஆண்டிலிருந்து உங்கள் பக்கம் வாக்களித்து வருகிறேன் என்பதையும், பேரனுடைய பிறந்த தேதியையும், அவன் பிறந்த ஊரையும் குறிப்பிட்டேன். குடியரசுத் தலைவர் வியாழனன்றே கையொப்பமிட்டுவிட்டார், இனி எதற்கு என்றார் என் மனைவி. 2021இல் வாக்குச்சாவடியில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முப்பதாண்டுப் பழக்கத்தைக் கை எளிதில் விடுவதில்லை.

இன்றிரவு கீத பவனி. பாடற்குழுவினரும் வாலிபரும் ஏழு மணிக்கு ஆலய வாசலில் கூடவும். இவ்வாண்டு முகாமிலிருந்து தொடங்குகிறோம். முதல் வீடு பாட்டியம்மாவின் வீடு. சால்வையோ தொப்பியோ கொண்டுவாருங்கள், பனி அதிகமாயிருக்கிறது.